அயலுறவு நமக்கு அயலா?

முதுகலை பயிலும் இளைஞன் ஒருவன் வெளியுறவுப் பணிக்கு ஆயத்தமாகிறான் என்றால், நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "இது சோறு போடுமா?" என்பதே. பொறியியல் என்றால் கடன் வாங்கத் துணிவோம். செவிலியர் படிப்பென்றால் கடல் கடந்தும் அனுப்புவோம். உடன்படிக்கைகளையும் கடல் சட்டத்தையும் படிப்பது மட்டும் வீண்வேலையாம். திருப்போரூர் வட்டாரத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பவர்கள் தம் கடற்கரையின் கதையை அறியாதவர்கள்.

கோவளத்துக் கார்மேல் அன்னையிடம் மன்றாடித் திரும்பும் நம்மில் எத்தனை பேருக்கு, அவ்வூர் ஆஸ்டெண்டு கம்பெனியின் துறையாக இருந்தது தெரியும்? 1722-இல் புனித உரோமைப் பேரரசர் ஆறாம் சார்லஸ் பட்டயம் அளித்த கம்பெனி அது. இங்கிலாந்தும் ஹாலந்தும் நெருக்கவே, 1727-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. தம் மகள் மரியா தெரேசாவின் வாரிசுரிமையை இங்கிலாந்து ஒப்புக்கொள்வதற்கு ஈடாக, 1731-இல் வியன்னாவில் பேரரசர் அதை அடியோடு கைவிட்டார். ஒரு மகளின் அரியணைக்கு விலையாகக் கோவளத்தின் வணிகம் போயிற்று! தெற்கே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும் 1824-இல் லண்டனில் இட்ட கையொப்பத்தால்தான் ஆங்கிலேயரிடம் சென்றது.

அவர்கள் அந்நியர், நம் மக்களைக் கேட்கமாட்டார்கள்தாம். விடுதலைக்குப் பின் மட்டும் என்ன நடந்தது? 1974-ஆம் ஆண்டுக் கச்சத்தீவு உடன்பாடு, நம் மீனவரும் திருப்பயணிகளும் விசாவின்றி அங்கு செல்லலாம் என்றது. 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களோ, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கலாகாது என்றன. கடிதங்கள்தாம், கவனியுங்கள். அப்போது தமிழகத்தில் சட்டமன்றமே இல்லை. சனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. இன்றும் படகுகள் பிடிபடுகின்றன. அக்கரையில் நம் இழுவை வலைகளால் நட்டமடைவோரிலும் தமிழ்க் கத்தோலிக்கர் உண்டு என்பதை நாம் பேசுவதேயில்லை. இரு கரையின் துன்பத்தையும் அறிந்து, கடல் சட்டமும் தெரிந்த ஒருவர் தில்லியின் அந்த மேசையில் வேண்டாமா?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள்களைத் தமிழிலேயே எழுத இடமுண்டு. ஆகவே மொழியைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். ஞாயிறுதோறும் விசுவாசிகள் மன்றாட்டில் நாடாளும் தலைவர்களுக்காக வேண்டுகிறோம். அத்தலைவர்களுக்குக் குறிப்பெழுதும் பணிக்குத் துணிந்தவனையோ, "வங்கித் தேர்வு எழுது" என்று விரட்டுகிறோம். பெண் பிள்ளை என்றால் அந்த அறிவுரையும் கிடையாது, வரன் பார்ப்பதோடு சரி.

ஒவ்வொரு பங்கும் இத்தகைய ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ மாலை வேளையில் ஓர் அறையும், விளக்கும், இரண்டு நாளிதழ்களும் தரட்டும். திருவிழா வாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதி போதும். இதற்கு ஆயரின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.