உணவுச் செய்தியும் ஊடகச் சார்பும்

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும், தமிழகத்தில் பேலியோ எனப்படும் உணவுமுறையையும், பால், முட்டை உட்பட விலங்குவழிப் பொருள் அனைத்தையும் தவிர்க்கும் வீகன் முறையையும் ஊடகங்கள் ஒருநாள் அருமருந்தாகவும் மறுநாள் ஆபத்தாகவும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான, 18 நாடுகளைத் தழுவிய 'ப்யூர்' ஆய்வு மாவுச்சத்து மிகுதியைக் கூடுதல் இறப்போடு தொடர்புபடுத்த, 2018இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழின் ஆய்வு மிகுதி, குறைவு இரண்டையுமே அவ்வாறு தொடர்புபடுத்தியது. இரண்டும் மக்களின் உணவுப் பழக்கத்தைப் பதிவுசெய்து அவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த நோக்காய்வுகள் என்பதால் அவை காரணத்தை மெய்ப்பிக்கமாட்டா என்ற வரம்பு தலைப்புகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளத்து மீனவர் வீட்டில் வெள்ளைச் சோறும் புளி கரைத்த சாளைக் குழம்பும் ஒரே தட்டில் சேர்வதால், அவ்வுணவு பேலியோ, வீகன் இரு முகாமுக்கும் செய்தியாவதில்லை. ஆய்வின் வகையையும் அதற்கு நிதியளித்தவரையும் சொல்லாத உணவுச் செய்தி விளம்பரமேயன்றி வேறில்லை.