கொடைக்கானல் சூரியனுக்குக் கோடு போதாது

இணையத்தில் அசைபடம் என்றால் கோடும் வளைவுமாக எழுதும் வெக்டர்தான், பிக்சல் பிக்சலாகப் பதியும் பிட்மேப் பழைய சரக்கு என்று வலைத்தளம் வடிவமைப்பவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். லோகோவுக்கும் பொத்தானுக்கும் அது சரி. அதையே பொதுவிதி ஆக்கினால், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் நூறாண்டுப் படங்களை இணையத்தில் ஓடவிடும்போது நாம் இழப்பது அதிகம்.

கோப்பு சிறியதாக இருக்கும் என்பது முதல் வாதம். வட்டத்துக்கு மையமும் ஆரமும் போதும். அதனால் வெக்டர் சிறுக்கிறது. சூரியன் அப்படி வெறும் வட்டமில்லை. ஆய்வகத்தின் பழைய ஒளிப்படத் தகடுகளை 4096-க்கு 4096 பிக்சல் அளவில் எண்ணிமமாக்கியிருக்கிறார்கள். கால்சியம் ஒளியில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வட்டு முழுக்க வெளிறிய வலைப்பின்னல், கரும்புள்ளிகளையொட்டி வெண்திட்டுகள், விளிம்பை நோக்கி மெல்ல மங்கும் ஒளி. இதைக் கோடுகளாக மாற்றச் சொன்னால் மென்பொருள் பல்லாயிரம் துண்டு வடிவங்களை உண்டாக்கி, ஒவ்வொரு வளைவுக்கும் எண்களை வரிசையாக எழுதிவைக்கும். எஸ்விஜி என்னும் அந்த வெக்டர் கோப்பு, அதே படத்தின் பிட்மேப் வடிவான ஜேபெக்கைவிடப் பருத்துவிடும். துண்டுகளைக் குறைத்தாலோ, கரும்புள்ளியின் நடுவைச் சூழ்ந்த புறநிழல் இரண்டு மூன்று சாம்பல் பட்டைகளாகிவிடும். 1909-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் இதே மலையில், வாயு வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலை வழியாகக் கண்டறிந்தது அந்தப் புறநிழலில்தான். அதைப் பட்டையாக்கிக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது என்கிறார்கள். கோட்டின் கூர்மை குறையாது, உண்மை. தகட்டில் பதியாத நுணுக்கத்தை எந்த வடிவமும் தராது. ஒளி மங்கி முடியும் இடத்தில் வெக்டர் போடும் தெளிவான விளிம்பு, சூரியனில் இல்லாத விளிம்பு.

கைபேசிக்கு இலகு என்பதும் வடிவங்கள் சில இருக்கும்வரைதான். ஆயிரக்கணக்கானவை ஒரே நேரத்தில் மாறினால் உலாவி அத்தனையையும் திரும்பத் திரும்ப வரைந்தாக வேண்டும். பிட்மேப் படங்களை அடுக்கிய வீடியோவை விரிப்பதற்கோ கைபேசிச் சில்லிலேயே தனிப் பகுதி உண்டு.

பிட்மேப் என்றதும் பலர் 1987-இல் வந்த ஜிஃப்பை நினைக்கிறார்கள். 256 நிறத்துக்குள் அடங்க வேண்டியது அதன் குறை. எம்பி4, வெப்எம் போன்ற வீடியோ வடிவங்கள் அந்தத் தடையைத் தாண்டி வெகுநாளாயிற்று.

வெக்டருக்கு உரிய இடமும் அந்த ஆய்வகத்திலேயே இருக்கிறது. 1904 முதல் அங்கே கையால் வரைந்த சூரிய வரைபடங்கள், அட்சரேகை தீர்க்கரேகைக் கட்டத்தின் மீது கரும்புள்ளிகளையும் இழைகளையும் நிறம் பிரித்துக் குறித்தவை. அவற்றைக் கோடாகவே அசைக்கலாம். தகட்டுப் படங்களை வீடியோவாக ஓடவிட்டு, கட்டத்தையும் தேதியையும் மட்டும் மேலே எஸ்விஜியாக வையுங்கள். எழுத்தை வீடியோவுக்குள்ளேயே பதித்துவிட்டால் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் மாற்றவும் வழியிருக்காது.