ஓடையைக் கொன்றால் கும்பப்பூ ஏது?



பழையாறு என்றதும் நமக்கு நினைவு வருவது சுசீந்திரமும் மணக்குடிக் காயலும்தான். அது பிறக்கிற சுருளோடு பக்கத்து மலையடிவாரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? உலக்கை அருவிக்குப் போனவர்களும் குளித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அசம்பு மலையிலிருந்து இறங்கும் சின்ன ஓடைகள் பலவற்றுக்கு மேப்பில் பெயர்கூட இல்லை. பெயர் இல்லாததால் கேட்பாரும் இல்லை. எங்கள் பகுதியில் ஓடைக்குள்ளேயே ஜேசிபியை இறக்கி உருண்டைப் பாறைகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். கேட்டால், "சும்மா கிடக்கிற கல்லுதானே ஓய்" என்கிறார்கள்.

சும்மாவா கிடக்கிறது? ஆனி ஆடிச் சாரல், ஐப்பசி கார்த்திகை மழை என்று நமக்கு ரெண்டு மழை. காட்டு மண் அந்தத் தண்ணியைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாய் விடுகிறது. ஓடைக்கல் அதைத் தடுத்துத் தடுத்துக் கீழே இறக்குகிறது. மார்கழி, தையில் மழை நின்று கும்பப்பூ கதிர் வாங்குகிற நேரத்தில் கால்வாயில் வருவது அணைத் தண்ணி மட்டுமல்ல, இந்த ஊற்றும் சேர்த்திதான். 2021 நவம்பர் வெள்ளத்தில் வயல்கள் மூழ்கியதைக் கண்டோம். அது கல்லெடுத்ததால் வந்தது என்று சொல்லவில்லை, மழை அப்படி. ஆனால் கல்லில்லாத ஓடையில் அடுத்த மழை எந்த வேகத்தில் வரும்?

மிளாவும் கருமந்தியும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கின்றன. நீர்நாயைப் பார்த்தவர்கள் நம்மில் கொஞ்சம் பேர்தான். பாறைமேல் நண்டு ஓடு நொறுங்கிக் கிடந்தால் அது வந்து போயிருக்கும். வரப்பைத் துளைத்து நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற நண்டுதான் அதற்குச் சாப்பாடு! பன்னி மரச்சீனியைக் கிளறிப் போட்டால் நாங்களும் திட்டத்தான் செய்கிறோம், மறைக்கவில்லை. நஷ்டஈடும் கேட்கிறோம், கேட்போம். அதற்காக ஓடையை விட்டுக்கொடுக்க முடியுமா? மேலே தண்ணி வற்றினால் மிருகம் நம் விளைக்குத்தான் இறங்கும்.

2022-இல் சுசீந்திரம்-தேரூர் குளங்களுக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது, சந்தோஷம். குளத்துக்குப் பட்டம் வாங்கியவர்கள் மலையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டாமா? காட்டுக்குள் வனத்துறை இருக்கிறது. எல்லை தாண்டினால் ஓடைப் புறம்போக்கு. வருவாய்த்துறை, கனிமவளத்துறை, பஞ்சாயத்து என்று நம் மனு மேசை மேசையாய்ச் சுற்றுகிறது.

ஓடைப் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் போடு! ஓடைக்குள் கல்லும் மணலும் அள்ளுவதை நிறுத்து!

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். வரும்போது உங்கள் ஊர் ஓடையின் பெயரையும் சர்வே நம்பரையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.