பைன் மரமும் டீஸலும்

ஸ்வீடன் தேசத்தில் கோத்தன்பர்க் நகரிலுள்ள பிரீம் கம்பெனியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2010-ம் வருஷத்தில் தொடங்கிய ஒரு காரியத்தை நமது வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம். பூமியிலிருந்து எடுத்த எண்ணெயின் டீஸல் பகுதியோடு பைன் மரத்திலிருந்து வந்த எண்ணெயையும் ஒரே கலத்தில் செலுத்தி, இரண்டையும் சேர்த்துப் பக்குவம் செய்து, லாரி ஓட்டுகிறவன் வித்தியாசம் காணமுடியாத டீஸலாக வெளியே விட்டார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த டாப்ஸோ கம்பெனியார் இதற்கான முறையை வகுத்துக் கொடுத்தனர். கலத்துக்குள் போகும் எண்ணெயில் சுமார் 30 சதவீதம் வரையில் மரத்தின் பங்காக இருக்கலாம் என்பது ஏற்பாடு. அன்று முதல் இத்தகைய டீஸலைப்பற்றி நடந்துவரும் பேச்சில் விஞ்ஞானமும் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்காமலிருப்பது நல்லது.

மரத்தில் எண்ணெய் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். காகிதக் கூழ் செய்வதற்காகப் பைன் மரத்துண்டுகளைக் காரத்தில் வேகவைக்கிறார்கள். மிஞ்சுகிற கறுப்பு நீரின்மேல் சவுக்காரம் போன்ற ஒரு பொருள் மிதக்கும். அதை வழித்தெடுத்துக் கந்தகத் திராவகம் சேர்த்தால் பிசுபிசுப்பான ஓர் எண்ணெய் பிரிகிறது. ஸ்வீடிஷ் பாஷையில் பைன் மரத்துக்கு ‘டால்’ என்று பெயர். ஆகவே அதை டால் எண்ணெய் என்கிறார்கள். பசை, அச்சு மை, வார்னிஷ் முதலியன செய்வோர் இதை வெகுகாலமாக வாங்கி வந்தனர். ஒரு பகுதி ஆலை உலைகளில் எரிந்து போயிற்று. வட ஸ்வீடனில் சன்பைன் என்ற ஆலை 2010-ல் இதை மெதனாலோடு சேர்த்துச் சீர்படுத்திக் கோத்தன்பர்க்குக்கு அனுப்பத் தொடங்கியது.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். தாவர எண்ணெயை மெதனாலோடு சேர்த்து நேரே வண்டிக்கு ஊற்றும் ‘பயோடீஸல்’ வேறு. அதில் பிராணவாயு அப்படியே தங்கியிருக்கிறது. நாளானால் கெடும், குளிரில் உறையும். ஐரோப்பிய விதிப்படி சாதாரண டீஸலில் அதை 7 சதவீதத்துக்குமேல் கலக்கக்கூடாதென்று வெகுகாலம் இருந்தது. நாம் சொல்லும் முறையிலோ எண்ணெயிலிருந்து பிராணவாயுவை முற்றிலும் பிரித்தெடுத்து விடுகிறார்கள். நிக்கல், மாலிப்டினம் ஆகிய உலோகங்கள் அடங்கிய கிரியா ஊக்கியின்மீது, 300 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும் மிகுந்த அழுத்தத்திலும், எண்ணெயையும் ஹைட்ரஜன் வாயுவையும் சேர்த்து ஓடவிடுகிறார்கள். பிராணவாயு ஒரு பகுதி நீராகவும், ஒரு பகுதி கரியமிலவாயுவாகவும் வெளியேறுகிறது. சமையல் எண்ணெயாக இருந்தால் அதிலுள்ள கிளிஸரின் பகுதி புரொப்பேன் வாயுவாக மாறுகிறது. எஞ்சுவது டீஸலில் இயற்கையாகவே உள்ள ஒரு வகை ஹைட்ரோகார்பன். அது எஞ்சினில் சாதாரண டீஸலைக் காட்டிலும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

கேட்பதற்குச் சுலபமாகத் தோன்றும் இந்த வேலையில் ஆலைக்காரர்கள் பட்ட பாடு சொல்லத்தரமன்று. முதலாவதாக ஹைட்ரஜன். பூமி எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கச் செலவாவதைப்போல் பல மடங்கு ஹைட்ரஜனைத் தாவர எண்ணெய் குடித்துவிடுகிறது. அந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலான ஆலைகள் இயற்கை வாயுவிலிருந்தே தயாரிக்கின்றன; அப்போது கரியமிலவாயு புகைபோக்கி வழியே போகிறது. மரத்து டீஸலின் புண்ணியக் கணக்கு எழுதுவோர் இந்தப் பாவக் கணக்கையும் எழுதவேண்டும். இரண்டாவது உஷ்ணம். பிராணவாயு பிரியும்போது பெரும் வெப்பம் உண்டாகிறது. எல்லா எண்ணெயையும் கலத்தின் தலையிலேயே விட்டால் கிரியா ஊக்கி கருகி அடைத்துக்கொள்ளும். ஆகையால் சிறிது சிறிதாக, கலத்தின் நடுவிலும் எண்ணெயைச் செலுத்தும் வழியைக் கண்டார்கள். மூன்றாவது அரிப்பு. டால் எண்ணெயும் பழைய கொழுப்புகளும் அமிலத்தன்மையுள்ளவை. சாதாரண இரும்புக் குழாயைத் தின்றுவிடும். பாஸ்வரம், சோடியம் முதலிய அழுக்குகள் கிரியா ஊக்கிக்கு விஷம். இவற்றையெல்லாம் கடந்து வெளியே வரும் பொருள் மெழுகைப்போல் உறையும் சுபாவமுடையது. அதன் ஒரு கூறு 28 டிகிரியிலேயே கட்டியாகி விடும். ஸ்வீடனின் பனிக்காலத்துக்கு இது உதவுமா? எனவே மூலக்கூறுகளின் நேர்ச்சங்கிலியைக் கிளைவிடச் செய்யும் மற்றொரு பக்குவமும் தேவையாயிற்று. இத்தனையையும் பொறுமையோடு தீர்த்தவர்களின் திறமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வனதேவதையிடம் திடீரென்று பக்தி பிறந்ததன் காரணத்தையும் அறியவேண்டும். கோடிக்கணக்கில் முதல் போட்ட கலங்கள், குழாய்கள், தொட்டிகள், விற்பனைக் கடைகள் அவர்களிடம் இருக்கின்றன. வண்டிகள் மின்சாரத்துக்கு மாறினால் இவையெல்லாம் பழைய இரும்பு. உள்ளே போகும் எண்ணெயை மாற்றிவிட்டு மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தேனாக இனிக்கும். இதில் குற்றமில்லை. லாபம் கருதாத கம்பெனியை நாம் இதுவரை கண்டதில்லை.

உண்மையான சங்கடம் ஆலைக்கு வெளியேதான் இருக்கிறது. சன்பைன் ஆலை தொடக்கத்தில் வருஷத்துக்குச் செய்யக்கூடியதாக வகுக்கப்பட்ட அளவு சுமார் 1 லட்சம் கனமீட்டர். ஸ்வீடன் ஒரு வருஷத்தில் எரித்துவந்த டீஸலோ 50 லட்சம் கனமீட்டருக்கு மேல். கூழுக்காக வெட்டும் மரத்தளவே டால் எண்ணெய் கிடைக்கும். எண்ணெய்க்காக யாரும் காட்டை வெட்ட முடியாது. இந்த நிலையில் அந்நாட்டு சர்க்கார் 2018 ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எரிபொருள் விற்போர் டீஸலால் உண்டாகும் கரியமிலவாயுவை முதலில் 19.3 சதவீதம் குறைக்கவேண்டும் என்றார்கள். 2022-ல் அது 30.5 சதவீதமாயிற்று. காட்டில் பைன் மரம் அந்த வேகத்தில் வளரவில்லை. ஆகவே தேவையான பொருளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது.

எங்கிருந்து வந்தது? அண்டை நாடான பின்லாந்தின் நெஸ்டே கம்பெனி இம்முறையில் முதல் ஆலையை 2007-ல் போர்வோ நகரில் கட்டியது. அடுத்த பெரிய ஆலையை 2010-ல் சிங்கப்பூரில் கட்டியது. ஏன் சிங்கப்பூர் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இந்தோனேஷியாவின் பாமாயிலும் மலேஷியாவின் பாமாயிலும் அருகில் இருக்கின்றன. பனையெண்ணெய்க்காகக் காடுகள் அழிகின்றன என்ற கண்டனம் எழுந்தபோது, ‘நாங்கள் வாங்குவது கழிவு’ என்று சொல்லும் வழக்கம் வந்தது. பாமாயிலைச் சமையலுக்காகச் சுத்தம் செய்கையில் பிரியும் அமிலக் கசண்டு அப்படிப்பட்ட ஒரு ‘கழிவு’. ஸ்வீடனில் அது ஏராளமாக விற்றது. 2019 ஜூலை முதல் அதைக் கழிவாகக் கருத முடியாது, விலையுள்ள துணைப் பொருளே என்று அங்குள்ள விதி மாறியதும் அதன் உபயோகம் சரிந்துவிட்டது. எண்ணெய் மாறவில்லை, எண்ணெயின் பெயர்தான் மாறிற்று. பிறகு உபயோகித்த சமையல் எண்ணெய்க்கு மவுசு வந்தது. அதிலும் புதிய பாமாயிலைப் பழைய எண்ணெய் என்று சீட்டெழுதி விற்கிறார்களோ என்ற சந்தேகம் ஐரோப்பாவில் பலமாக எழுந்தது.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீஸல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டினார்கள். ஆப்பிரிக்காவில் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் விளையும் கடலையைக் கருதியே பிரெஞ்சு சர்க்கார் அதை விரும்பியது. அயலான் நிலத்தில் விளைவதைத் தன் எஞ்சினுக்கு ஊற்றும் ஆசை புதிதன்று.

ஸ்வீடனில் இதன் முடிவு விசித்திரமானது. 2022-ல் டீஸல் விலை ஏறியது, ஜனங்கள் முணுமுணுத்தார்கள், செப்டம்பர் தேர்தலில் அது ஒரு பெரிய பிரச்னையாயிற்று. புதிதாக வந்த சர்க்கார் 2024 ஜனவரியில் அளவை ஒரேயடியாக 6 சதவீதத்துக்குக் குறைத்தது. அவ்வருஷத்தில் நாட்டின் போக்குவரத்துப் புகை ஏறியது. அதே 2024-ல்தான் கோத்தன்பர்க்கில் எஸ்டி-1 என்ற மற்றொரு கம்பெனி, ஒரு வனக் கம்பெனியோடு கூட்டுச்சேர்ந்து, தாவர எண்ணெய்க்கென்றே ஒரு புது ஆலையைத் திறந்தது. ஆலை கட்டப் பல வருஷம். சட்டத்தை மாற்ற ஒரு தேர்தல். எந்த முதலாளி துணிவான்? சிறிய அளவானாலும் சொந்த நாட்டுச் சரக்கு கணக்கிட்டு, அதற்கேற்ப மெள்ள ஏற்றியிருந்தால் இந்த ஏற்றமும் வீழ்ச்சியும் நேர்ந்திராது என்பது நமது அபிப்பிராயம்.

நம் தேசத்துக்கு இதில் என்ன? 2018-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கொள்கை, 2030-க்குள் டீஸலில் 5 சதவீதம் பயோடீஸல் கலக்கவேண்டும் என்கிறது. வித்தை நமக்குத் தெரியாததன்று. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சிச் சாலை, காட்டாமணக்கு எண்ணெயை இதே வகையில் ஹைட்ரஜனால் பக்குவம் செய்த எரிபொருளை ஒரு பங்காகக் கொண்டு 2018 ஆகஸ்டில் டில்லிக்கு ஒரு விமானத்தையே பறக்கவிட்டது. குறை எண்ணெயில்தான். தரிசு நிலமெல்லாம் காட்டாமணக்கு பொன்னாக விளையும் என்று 2003 முதல் சொன்னார்கள். 2017-க்குள் 20 சதவீதம் என்று 2009-ம் வருஷத்துக் கொள்கை இலக்கு வைத்தது. 1 சதவீதம்கூட எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் அதை நம்பி நட்ட விவசாயிகள் பலர் பின்னர் பிடுங்கி எறிந்தனர். நாம் உண்ணும் எண்ணெயிலேயே பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பாமாயிலே முதல் இடம் பெறுகிறது. ஆகவே ஸ்வீடன் வாங்கிய அதே துறைமுகங்களில் நமது அடுப்புக்கும் அவர்களுடைய லாரிக்கும் போட்டி நடக்கிறது. லாரியின் பையில் பணம் அதிகம்.

நமக்குத் தயக்கமில்லாமல் கிடைக்கக்கூடிய சரக்கு ஒன்று உண்டு. ஓட்டல்களிலும் பலகாரக் கடைகளிலும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடம்புக்குக் கெடுதல். அதன் கேடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உபயோகிக்கக்கூடாதென்று 2018 ஜூலை முதல் விதியிருக்கிறது. விதியிருந்தும் அந்த எண்ணெய் மலிவு விலைக்குக் கைமாறிச் சிறு கடை வாணலிக்கே திரும்பிவிடுகிறது. அதை நியாயமான விலை கொடுத்து வாங்கி ஆலைக்கு அனுப்ப நகரசபைகள் முன்வரட்டும். ஏழையின் வயிறும் பிழைக்கும், டீஸலும் கிடைக்கும். அதற்குமேல் ஒரு சதவீதம் ஏற்றவும் சர்க்கார் உத்தேசித்தால், எந்த எண்ணெய், எந்த நிலத்தில் விளைந்தது, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்ற கணக்கைப் பார்லிமெண்டின் முன் முதலில் வைக்கவேண்டும். அந்தக் கணக்கு வரும்வரையில் கட்டாயச் சட்டத்துக்கு அங்கத்தினர்கள் கை தூக்கலாகாது.