பட்டியலைக் கையில் எடுங்கள், தோழர்களே!



தேர்தல் பத்திரம் பழைய கதை என்று நம்மவர்களிலேயே சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். என்ன பழைய கதை? 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டம் அரசமைப்புக்கு விரோதம் என்று தூக்கியெறிந்தது. சரி, கட்சிகள் வாங்கிய பணம்? பறிமுதல் இல்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்டுப் போனவர்களை அதே ஆண்டு ஆகஸ்டில் அதே நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. இனி விசாரிக்க வேண்டியது தெருதான்.

அந்தத் தாளை நினைத்துப் பாருங்கள். கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம். கொடுத்தவர் பெயரும் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. புற ஊதா விளக்கில் பிடித்தால் மட்டும் ஓர் எண் தெரியும். விற்றதோ அரசு வங்கி. ஆள்பவர் நினைத்தால் யார் கொடுத்தது என்று அறிந்துகொள்ள வழி இருந்தது. ஓட்டுப் போட்ட நமக்குத்தான் திரை. கம்பெனிகளின் நன்கொடைக்கு இருந்த 7.5 சதவீத வரம்பையும் 2017-லேயே எடுத்துவிட்டார்கள். நட்டக் கணக்கு காட்டுகிற கம்பெனியும் கொட்டிக் கொடுக்கலாம் என்றானது. நட்டத்தில் இருப்பவன் எதை எதிர்பார்த்துக் கொடுப்பான்?

நீதிமன்றம் கேட்ட பத்திர விவரத்தைத் தர 2024 ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் வங்கி. அதாவது மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு! நீதிமன்றம் அதட்டியதும் மறுநாளே கொடுத்தது.

அந்த விவரத்தில் என்ன இருந்தது? பா.ஜ.க.வுக்கு 6,000 கோடிக்கு மேல். எல்லாக் கம்பெனிகளிலும் அதிகம் பத்திரம் வாங்கியது ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி கம்பெனி, 1,368 கோடி. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் அமலாக்கத்துறை அதன் சொத்துகளை முடக்கியது. அடுத்த சில நாளில் 100 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருக்கிறது அந்தக் கம்பெனி. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்து தடை. ஆனால் அந்த லாட்டரிப் பணத்தில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்திருக்கிறது.

இங்கேதான் நமக்குத் தொண்டை அடைக்கிறது. தி.மு.க. நம் கூட்டணிக் கட்சியல்லவா, கூட்டணி தர்மமாம்! பத்திரமே வாங்காமல், வழக்கும் போட்ட இடதுசாரிகள் நாம். நாமே பாதிப் பட்டியலைப் படித்தால், மீதியை எதிராளி படிப்பான்.

தேர்தல் ஆணையம் வெளியிட்ட பட்டியல் பொதுவில் இருக்கிறது. கம்பெனி பெயர், தேதி, தொகை. அவற்றின் பக்கத்திலேயே அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த டெண்டர், அதன்மீது நடந்த ரெய்டு எல்லாவற்றையும் சேருங்கள். ஒரே தாளில் அச்சடியுங்கள். ஆலை வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கொடுங்கள். இந்த வாரமே தெருமுனைக் கூட்டங்களுக்கு அனுமதி கேளுங்கள். மேடையில் பக்கத்து நாற்காலியில் தி.மு.க. ஒன்றியச் செயலாளர் உட்கார்ந்திருந்தாலும், அந்த 509 கோடியையும் சேர்த்தே உரக்கப் படியுங்கள்.