உப்புக் காற்று வலது பக்கக் கதவில் மட்டுமா அடிக்கும்?

பதிவு நீளம். வீட்டுப்பாடம் மாதிரி இரண்டு தவணையாகக் கூடப் படிக்கலாம்.

போன மாதம் என் தம்பி மகனின் வேன் போட்டோவைப் போட்டிருந்தேன். "புது வண்டியா டீச்சர்?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். வண்டி பழசுதான். வலது பக்கத்து இரண்டு கதவுகள் மட்டும் புதுசு. கம்பெனி செலவில் மாற்றிக் கொடுத்தார்கள். அதைச் சொன்னதும், "ரெண்டு கதவுக்காகவா நாலு மாசம் அலைஞ்சீங்க?" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். என் தம்பியும் அதைத்தான் கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

2022 ஜனவரியில் கடன் வாங்கி எடுத்த வேன். அவனேதான் ஓட்டுகிறான். திருச்செந்தூர், வாகைக்குளம் விமான நிலையம், கல்யாண வீடு என்று சவாரி போவான். மூன்று வருடம் கழிந்து, 2025 பொங்கலுக்கு வண்டியைக் கழுவும்போது டிரைவர் பக்கக் கதவின் அடி ஓரத்தில் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருப்பதைப் பார்த்தான். அதற்குப் பின்னால் உள்ள தள்ளுகதவிலும் அப்படியே. ஒரு கொப்பளத்தை நகத்தால் கிள்ளினால் உள்ளே செங்காவிப் பொடி.

அவன் நேரே எங்கள் தெருக் கடைசியில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனான். ரெண்டு கதவுக்கும் சேர்த்து 9,000 ரூபாய் என்றார். நல்லவேளை, அவர் நேர்மையான மனிதர். "நான் சுரண்டிப் பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சுத் தந்துருவேன். ஆனா இது உள்ளேருந்து வருது தம்பி. ரெண்டு மழை தாண்டாது. முதல்ல கம்பெனில கேளு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கம்பெனியில் கேட்டான். கவுன்டரில் இருந்த பையன் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாரன்டி மூன்று வருடம், முடிந்துவிட்டது என்றான். இவனும் சரி என்று வந்துவிட்டான். "அவங்க கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொன்னாங்கத்தே" என்றான்.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அந்தப் பையன் மேல் இல்லை, என் மேல். இவன் ஏழாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தான். நிறையக் கேள்வி கேட்பான். பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், "சொன்னதை எழுது, குறுக்கே பேசாதே" என்று நான் எத்தனை முறை உட்கார வைத்திருக்கிறேன் என்பது அவனுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் இருந்தது. பொடி எழுத்து ஆங்கிலம். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், ஆங்கில இலக்கியம் அல்ல. அகராதியும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். எஞ்சினுக்கும் மற்றதுக்கும் மூன்று வருடம். ஆனால் தகட்டின் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே ஓட்டை விழும் துருவுக்குத் தனியாக ஆறு வருடம் என்று வேறொரு பக்கத்தில் இருந்தது. கல் தெறித்த இடத்தில் வரும் துரு அதில் சேராது. சுற்றுச்சூழலால் வரும் சேதமும் சேராது.

மறுநாள் நானும் கூடப் போனேன். இப்போது பதில் மாறியது. "மேடம், இது தூத்துக்குடி. கடல் காத்து, உப்பளம். துரு வரத்தான் செய்யும். அது சுற்றுச்சூழல் சேதத்துல வரும்."

பழைய மாணவர்களுக்கு மூன்று சோதனைக் குழாயும் மூன்று ஆணியும் ஞாபகம் இருக்கிறதா? ஒன்றில் சாதாரணத் தண்ணீர். ஒன்றில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய். ஒன்றில் தண்ணீரே கிடையாது, ஈரத்தை உறிஞ்ச கால்சியம் குளோரைடு. சில நாள் கழித்துப் பார்த்தால் முதல் ஆணி மட்டும் துருப்பிடித்திருக்கும். காற்றும் வேண்டும், நீரும் வேண்டும், ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. உப்பு தானாகத் துருவை உண்டாக்காது. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால், துருப்பிடிக்கும் வினையை வேகப்படுத்தும், அவ்வளவுதான்.

அதனால் நான் வண்டியின் இடது பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு கதவிலும் ஒரு கொப்பளம் இல்லை. அதே காற்று, அதே ரோடு, அதே மூன்று மழைக்காலம். அப்படியானால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எது வேறு?

அண்ணாச்சிதான் காட்டிக் கொடுத்தார். கார், வேன் கதவுக்குள் மழைத் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக இறங்கும். அது வெளியேற, கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அவர் தென்னை ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்து, இடது கதவின் அடியில் விட்டார். ஒவ்வொரு ஓட்டையிலும் உள்ளே போனது. வலது பக்கத்தில் எதிலும் போகவில்லை. தகடு மடியும் இடத்தில் பூசுகிற பசை வழிந்து ஓட்டைகளை அடைத்து, அதன் மேலேயே பெயின்ட்டும் அடித்திருந்தது. பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் பசை பிறகு யாரும் வைத்ததாக இருக்க முடியாது. மூன்று வருடமாக அந்தக் கதவுகளுக்குள் தண்ணீர் தேங்கியே நின்றிருக்கிறது.

இதைத்தான் ஒரு பக்கக் கடிதமாக எழுதினேன். நாலு கதவின் படம், ஈர்க்குச்சியோடு எடுத்த படம், புத்தகத்தில் உள்ள அந்த வரி, சர்வீஸ் செய்த ரசீதுகள். வசவு ஒரு வார்த்தை இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று. கவுன்டரில் இருக்கும் பையனிடம் சத்தம் போடுவதால் எதுவும் ஆகாது. முடிவு எடுப்பவர் அங்கே இல்லை. அந்தப் பையனும் யாரோ ஒரு டீச்சரிடம் "சொன்னதைச் செய்" என்று கற்றவன்தான். கடிதத்தில் ஒரு கேள்வியும் சேர்த்தேன்: தூத்துக்குடியில் ஷோரூம் திறந்து, தூத்துக்குடிக்காரரிடம் விற்றபோது இங்கே கடல் இருப்பது தெரியாதா?

மூன்று வாரம் கழித்து ஆள் வந்து பார்த்தார். "ஓட்டை இன்னும் விழலையே மேடம், விழுந்தா கிளெய்ம் பண்ணலாம்" என்றார். சாவகாசமாகத்தான் சொன்னார். நாங்கள் ஸ்க்ரூடிரைவரால் குத்தி நாமே ஓட்டை போட்டுக்கொண்டு போயிருக்க முடியும். அதை நான் அனுமதிக்கவில்லை. "நீங்களே அமுக்கிப் பாருங்கள்" என்றேன். கட்டை விரலால் அமுக்கினார். தகடு உள்ளே போனது. பிறகு அவர் அதிகம் பேசவில்லை.

இடையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்து புகாரைப் பதிந்து வைத்தேன். வழக்கு வரை போக வேண்டி வரவில்லை, ஆனாலும் தயாராகத்தான் இருந்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்கு நாம் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். "வாடகை வண்டிக்கு இதெல்லாம் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் தொழிலுக்கு வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். "9,000 ரூபாயைக் கொடுத்து முடிச்சிருக்கலாமேக்கா." முடித்திருக்கலாம். ஆனால் பட்டி பூசிய பிறகு, துரு எங்கே தொடங்கியது என்பதற்குச் சாட்சியே இருந்திருக்காது. வெளி ஆள் கைவைத்த கதவு என்று கம்பெனியும் கைகழுவியிருக்கும். ரெண்டு மழை கழித்து மறுபடி 9,000. அந்த வேனுக்கு அவன் மாதாமாதம் தவணை கட்டுகிறான். வாரன்டி கம்பெனி போடும் பிச்சை இல்லை. அவன் கொடுத்த விலைக்குள் அதுவும் அடக்கம். காய்கறிக் கடையில் கொசுறு கறிவேப்பிலை கேட்கக் கூச்சப்படாத நாம், காசு கொடுத்து வாங்கிய உரிமையைக் கேட்க ஏன் இப்படிக் கூசுகிறோம் என்று எனக்குப் புரியவே இல்லை. ஆங்கிலமும் ஏசியும் கண்ணாடிக் கதவும் இருந்தால் வாயடைத்துப் போகிறோம்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பானெட்டில் கல் தெறித்து வந்த துருவுக்கு முடியாது என்றார்கள். அது நியாயம், நான் வாதாடவில்லை. அண்ணாச்சி 1,200 ரூபாய்க்குச் சரி செய்து கொடுத்தார். புதுக் கதவின் வெள்ளை பழைய வெள்ளையோடு ஒட்டவில்லை, வெயிலில் பார்த்தால் தெரியும். வண்டியை எடுக்கப் போனபோது நான் பையில் ஈர்க்குச்சி கொண்டு போயிருந்தேன். ஷோரூம் பையன்கள் சிரித்தார்கள். ஓட்டை எல்லாம் திறந்திருந்தது.

வண்டி அங்கே நின்ற ஆறு நாளும் அவனுக்குச் சவாரி இல்லை. அதில் ஒரு கல்யாண ட்ரிப்பும் போனது. அந்த நஷ்டத்தைக் கேட்டு இந்த முறை அவனே கடிதம் எழுதியிருக்கிறான், நான் ஒற்றுப்பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.