முயலுக்குச் சொறி வந்தால்



கோழி, ஆடு, பால்மாடு என்று வருமானம் தரும் உயிர்களைப் பற்றியே இப்பக்கத்தில் அதிகம் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை வருமானம் எதுவும் தராத ஓர் உயிரைப் பற்றி எழுதுகிறேன். வீட்டுக்குள்ளே பிள்ளைகளோடு பிள்ளையாக வளரும் முயலுக்குச் சொறி வந்தால் என்ன செய்வது என்பதே இம்மாத விடயம். முயலுக்கெல்லாம் வைத்தியமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளை முயல் இருக்கிறது. என் மகள் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போன பிறகு, ஒன்பது வயதுப் பேத்தி என்னோடு இருக்கிறாள். முயல் பகலில் விறாந்தையில் ஓடித் திரியும். இரவில் அவளுடைய பாய்க்குப் பக்கத்தில் காட்போட் பெட்டிக்குள் படுக்கும். பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவள் எனக்குச் சொல்வதற்கு முன் முயலுக்குத்தான் சொல்வாள்.

சென்ற மாரி முடிந்த கையோடு அதன் பிடரியிலும் முதுகிலும் பொடுகு போல வெள்ளைச் செதிள் கண்டேன். மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றது. பின்காலால் ஓயாமல் சொறிந்தது. ஒரு கிழமைக்குள் பேத்தியின் முன்கையிலும் வயிற்றிலும் சிவந்த சிறு பருக்கள் வந்தன. அயலில் உள்ள அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குத் தொத்தீட்டுது. உதைக் கொண்டுபோய்க் காட்டுக்கரையிலை விட்டிட்டு வாங்கோ" என்றார். பிள்ளைமேல் உள்ள கரிசனையில்தான் அவர் அப்படிச் சொன்னார். பேத்தி அழவில்லை. "கொஞ்ச நாளைக்கோ, அம்மம்மா?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய தாய் போகும்போது நாங்கள் அவளுக்குச் சொன்ன சொல் அதுதான்.

முயலுக்கு வந்தது என்ன என்று அறியாமல் எதுவும் செய்வதில்லை என்று தீர்மானித்தேன்.

இது என்ன பூச்சி?

மாட்டில் கடித்துத் தொங்கும் உண்ணியை நாம் எல்லோரும் அறிவோம். அதே எட்டுக்கால் இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிற்றுண்ணிகளே முயலுக்குச் சொறியை உண்டாக்குகின்றன. முக்கியமாக மூன்று வகைகளைச் சொல்லலாம்.

முதலாவது, மயிருக்குள் வாழ்ந்து தோலின் மேற்புறத்தில் உண்பது. பிடரி, முதுகு, வாலின் அடி ஆகிய இடங்களில் செதிள் தெரியும். கறுப்புச் சீலை ஒன்றை விரித்து அதன்மேல் முயலின் மயிரைச் சீவிப் பாருங்கள். விழும் பொடுகுத் துகள்களில் சில மெல்ல நகர்ந்தால் அது இந்த உண்ணிதான்.

இரண்டாவது, காதுக்குள் வாழ்வது. முயல் தலையை உதறும், காதைச் சரிக்கும். காதின் உட்புறத்தில் மண்ணிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டும்.

மூன்றாவது, தோலைத் துளைத்து உள்ளே போவது. மூக்கு, உதடு, காது ஓரம், பாதம் ஆகிய இடங்களில் தடித்த பொருக்கு வரும். மனிதருக்குச் சொறி உண்டாக்கும் உண்ணியின் இனமே இது.

வட்டம் வட்டமாக மயிர் உதிர்ந்திருந்தால் அது பூச்சியாக இல்லாமல் படர்தாமரையாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. ஆகவே பார்த்த மாத்திரத்தில் நாமே முடிவுசெய்யக் கூடாது.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய் பூசாதீர்கள். அது தோலை எரிக்கும். முயல் தன் உடலைத் தானே நக்கித் துப்புரவாக்கும் பிராணி. ஆதலால் பூசியது எதுவும் வயிற்றுக்குள் போகும். மனிதரின் சொறிக்குப் பூசும் மருந்தையும் இதே காரணத்தால் பூசக் கூடாது.

நாய்க்கு உண்ணி போக்கப் பிடரியில் விடும் மருந்துகளை முயலுக்கு விடாதீர்கள். அவற்றுள் பிப்ரோனில் என்ற மருந்து முயலைக் கொன்றே விடும்.

குளிப்பாட்டாதீர்கள். நனைந்த முயல் மிகவும் வெருளும், அதன் மயிர் எளிதில் காயாது, உடல் குளிர்ந்துவிடும். காதிலுள்ள பொருக்கை நகத்தால் கிள்ளாதீர்கள். அதன் கீழே பச்சைப் புண் இருக்கும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பொருக்கு தானாகவே கழன்றுவிடும்.

வைத்தியம்

காட்போட் பெட்டியில் காற்றுத் துளைகள் போட்டு, அடியில் சாக்கு விரித்து, வெயில் ஏறுமுன் முயலை எங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். முயல் சூட்டைத் தாங்காது. அதைக் காதில் பிடித்துத் தூக்கவும் கூடாது. ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் பின்புறத்தையும் தாங்கித் தூக்க வேண்டும். பின்புறத்தைத் தாங்காவிட்டால் அது உதைத்துத் தன் முள்ளந்தண்டைத் தானே முறித்துக்கொள்ளும்.

வைத்தியர் ஓர் இளம் பெண். "வீட்டிலை ஏதும் பூசினீங்களோ, அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். "ஒண்டும் பூசேல்லை, டொக்டர்" என்றேன். செலோரேப் துண்டை முயலின் முதுகில் ஒட்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். பேத்தியையும் பார்க்க விட்டார். மயிர் உண்ணிதான்.

ஐவர்மெக்றின் என்ற மருந்தைத் தோலின் கீழ் ஊசியாக ஏற்றினார். இம்மருந்துக்கு வழிகோலிய ஆய்வுக்காக யப்பானைச் சேர்ந்த சதோஷி ஒமுராவுக்கும் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் காம்ப்பெலுக்கும் 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மாட்டுக்குப் போடும் இதே மருந்தை வாங்கி நாமே ஏற்றினால் என்ன என்று சிலர் நினைக்கலாம். கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றால் 2 கிலோ முயலுக்கு 0.4 மில்லிகிராம். நூற்றுக்கு ஒன்று என்ற வலுவுள்ள மாட்டு மருந்தில் அது 0.04 மில்லிலீற்றர், அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு. கை சற்று அசைந்தாலும் பல மடங்கு ஏறிவிடும். ஆகவே இதை வைத்தியரிடமே விடுங்கள்.

ஒரு ஊசியோடு நோய் தீராது. மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்து வரும் குஞ்சுகளுக்காக 10 முதல் 14 நாட்கள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தடவை போட வேண்டும். இரண்டாம் ஊசிக்குள் சொறி குறைந்துவிட்டது என்று நின்றுவிடுபவர்களின் வீட்டில்தான் அது திரும்பி வருகிறது.

எங்களுக்கு மூன்று ஊசி, 14 நாட்களுக்கு ஒருமுறை. அந்த நாட்களில் முயலைக் குசினி ஒத்தாப்பில் தனியாக வைத்தோம். நாட்காட்டியில் மூன்று திகதிகளையும் பேத்தியே வட்டமிட்டாள். பிரிந்திருக்க வேண்டி வந்தால் "கொஞ்ச நாள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். எந்தத் திகதி என்று சொல்லுங்கள். ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வந்தாள், பொறுத்திருந்தாள்.

வீட்டையும் மருந்தோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். மயிர் உண்ணி முயலை விட்டு விழுந்தாலும் பத்து நாட்கள் வரை உயிரோடு இருக்கும். காது உண்ணி மூன்று கிழமை வரைகூட இருக்கும். பழைய பெட்டியையும் வைக்கலையும் எரித்துவிடுங்கள். பாய், தலையணை உறை, சீலைகளைச் சுடுதண்ணீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். வீட்டில் வேறு முயல் இருந்தால் அதற்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். நாய், பூனை இருந்தால் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

பிள்ளையின் கை

முயலின் மயிர் உண்ணி மனிதரைக் கடிக்கும், ஆனால் மனிதத் தோலில் பெருகாது. முயல் சுகமானால் பருக்களும் சில கிழமைகளில் தானாக மறையும். பேத்திக்கு அப்படியே மறைந்தது. ஆனால் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் கடி எடுத்து, இரவில் அது கூடி, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் வந்தால் அது மனிதருக்குரிய சொறி. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

2009இல் முகாம் கொட்டில்களில் நெருங்கிக் கிடந்த நம்மில் பலர் அந்தச் சொறியை அறிவோம். வந்தவர்களை ஊத்தையானவர்கள் என்று ஒதுக்கியதையும் அறிவோம். அது ஊத்தையால் வந்ததல்ல, நெருக்கத்தால் வந்தது. முயலுக்கு வந்தாலும் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறக்கக் கூடாதவை சில. வயதுபோன, கொழுத்த, பல்லில் குறையுள்ள முயல் தன்னைத் துப்புரவாக்க முடியாததால் அதற்கே சொறி அதிகம் வரும். எனவே பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். குட்டி வயிற்றில் இருந்தால் ஊசிக்கு முன் சொல்லுங்கள். இறைச்சிக்கு வளர்ப்பவர்கள், ஊசி போட்டபின் எத்தனை நாட்களுக்கு உண்ணக் கூடாது என்று கேட்டறியுங்கள். முயல் அரை நாளுக்குமேல் எதுவும் தின்னாமல் கிடந்தால் அது அவசர நிலை, மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த மாதம், மாரிகாலத்தில் ஆட்டுக்கு வரும் குளம்பு அழுகலைப் பற்றிப் பார்ப்போம். உங்கள் வளவில் கண்டவற்றை எழுதி அனுப்புங்கள்.